ஹாங்காங்கில் யம் சா கடைகளை எடைபோடுவது எப்படி

ஹாங்காங்கில் டிம் சம் என்ற சிறு பண்டங்களை விற்கும் கடைக்குப் பஞ்சமே இல்லை. எது நல்ல கடை என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். அலுவலக நண்பர் மிஷலின் உணவகக் கையேட்டின் நட்சத்திரம் வாங்கிய ஒரு பெயரைச் சொல்வார். குடியிருப்பின் காவலாளி எதிர்க் கட்டடத்து முதல் மாடியைக் கைகாட்டுவார். இணையத்தில் தேடினால் சுற்றுலாப் பயணிகள் சுற்றிச் சுற்றிப் போகும் அதே சில கடைகள் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு பண்டத்தை, வேறு வேறு நேரத்தில், வேறு வேறு பசிக்குச் சாப்பிட்டவர்கள். இந்தப் பதில்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஒப்பிட வேண்டுமானால் எல்லாக் கடையிலும் ஒரே தட்டுகளைக் கேட்க வேண்டும். நம் ஊரில் புது ஓட்டலை இட்லி, சாம்பாரை வைத்துக் கணிக்கிறோமே, அதே தந்திரம்தான். இந்த ஊரில் கொஞ்ச காலம் இருக்கப்போகிறவர்கள், ஊர் முழுக்க உள்ள யம் சா கடைகளுக்குப் போய், அடுத்தவர் நம்பி நடக்கும்படி எழுத விரும்பினால், கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வரி: காலையிலோ மதியத்திலோ உட்கார்ந்து தேநீர் குடித்தபடி சிறு பண்டங்களைப் பகிர்ந்து உண்பது யம் சா; அந்தப் பண்டங்கள் டிம் சம். தேநீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத யம் சா மதிப்புரை பாதி மதிப்புரைதான்.

1. முதலில் கடைகளை இனம் பிரியுங்கள்

எல்லாக் கடையையும் ஒரே தராசில் நிறுத்தினால் நட்சத்திர ஓட்டல்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும். அதில் யாருக்கும் லாபமில்லை. ஒரு கடையை அதன் இனத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பழைய தேநீர் இல்லங்கள் ஓர் இனம். சென்ட்ரல் வட்டாரத்தில் ஸ்டான்லி தெருவில் இருக்கும் லுக் யூ 1933இல் தொடங்கியது. மரப் பலகைச் சுவர்களும் மின்விசிறிகளும் தலை நரைத்த பரிமாறுபவர்களுமாக இருக்கும். விலையும் கொஞ்சம் தலைநிமிர்ந்தே இருக்கும். வெலிங்டன் தெருவின் லின் ஹியுங் இன்னொன்று. அது 2022இல் மூடப்பட்டு 2024இல் மறுபடி திறந்தது. இந்த ஊரில் கடைகள் இப்படித்தான், நேற்று இருந்தது இன்று இருக்காது, போனது திரும்பியும் வரும். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பெயரானாலும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இனம், கல்யாண விருந்துக்கும் விடப்படும் பெரிய கூடங்கள். சென்ட்ரலில் சிட்டி ஹால் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் மாக்சிம்ஸ் பேலஸ் எல்லோருக்கும் தெரிந்தது. தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள், சன்னல் வழியே துறைமுகம் தெரியும். ஆனால் இந்த இனத்தின் அசல் முகத்தை அரசுக் குடியிருப்புகளின் வணிக வளாகங்களுக்குள் இருக்கும் பெரிய உணவகங்களில்தான் பார்க்க முடியும். சுற்றுலாக் கையேடுகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்திருப்பதை அங்கேதான் காணலாம். என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலில் பாதியாவது இந்த வகைக் கடையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, டிம் சம் மட்டுமே விற்கும் சின்னக் கடைகள். டிம் ஹோ வான் 2009இல் மோங் காக்கில் இப்படி ஒரு சின்னக் கடையாகத் தொடங்கித்தான் மிஷலின் நட்சத்திரம் வாங்கி, பிறகு பல நாடுகளில் கிளை விட்டது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மாக் க்வாய் புய், அதற்கு முன் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலின் லுங் கிங் ஹீனில் டிம் சம் சமைத்தவர். கென்னடி டவுனில் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் சன் ஹிங் விடிகாலை 3 மணிக்கே திறந்துவிடும். பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களும், இரவு வேலை முடித்த டாக்சி ஓட்டுநர்களும், தூக்கம் வராத பெரியவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள்.

நான்காவது நட்சத்திர ஓட்டல்களின் உணவகங்கள். லுங் கிங் ஹீன், ஹாங்காங்குக்கான முதல் மிஷலின் கையேட்டிலேயே மூன்று நட்சத்திரம் பெற்றது. வருடத்தில் ஒரு நாள், மற்றவர் செலவில் போக முடிந்தால் சரி.

இந்த நான்கிலும் அடங்காதது ஒன்று உண்டு. சுன் வானிலிருந்து 80ஆம் எண் மினிபஸ்ஸில் தாய் மோ ஷான் மலைப்பாதையில் ஏறினால் சுன் லுங் என்ற கிராமம் வரும். அங்கே துவான் கீ என்ற பழைய கடையில் தேநீரை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும், கூடையையும் ஆவிப் பெட்டியிலிருந்து நீங்களே எடுத்து வர வேண்டும். கிராமத்திலேயே விளையும் ஒரு நீர்க்கீரையை வேகவைத்துத் தருவார்கள். சேவைக்கு மதிப்பெண் போடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2. அளவுகோல் தட்டுகளை முடிவு செய்யுங்கள்

இறால் கொழுக்கட்டையான ஹா காவ், பன்றி இறைச்சியும் இறாலும் சேர்ந்த சியு மாய், வாட்டிய பன்றி இறைச்சி வைத்த வெள்ளை பன்னான சா சியு பாவ், முட்டை டார்ட்டான டான் டாட் ஆகிய நான்கையும் டிம் சம்மின் நான்கு பெரிய ராஜாக்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். நான் டான் டாட்டை எடுத்துவிட்டு, அரிசிமாவுச் சுருளான சியுங் ஃபன்னைச் சேர்ப்பேன். டான் டாட் பேக்கரியிலும் நன்றாகக் கிடைக்கும். சியுங் ஃபன்னோ சமையலறையில் இப்போது யார் நிற்கிறார், எவ்வளவு அவசரத்தில் நிற்கிறார் என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக நான்கு அளவுகோல் தட்டுகள், ஒரு கெட்டில் தேநீர். இதோடு அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அதில் ஒன்று. அதற்குமேல் பசித்தால் சாப்பிடுங்கள், ஆனால் குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள்.

எத்தனை பேர் போவது? ஹா காவும் சியு மாயும் பெரும்பாலும் கூடைக்கு நான்கு வரும். பாவ் பெரும்பாலும் மூன்று. மூன்று பேர் அல்லது நான்கு பேர் தோதாக இருக்கும். நான்கு பேர் போனால் பாவ் வரும்போது யார் விட்டுக்கொடுப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தனியாகவும் போகலாம். ஒரு தேநீர், இரண்டு கூடை என்று செய்தித்தாளோடு காலையைக் கழிக்கும் பெரியவர்கள் இங்கே காலங்காலமாக உண்டு. தனியாகப் போகிறவர் இரண்டு தடவையாகப் பிரித்துச் சாப்பிடலாம்.

3. பன்றி, மாடு, சைவம்: இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

நம்மவர்களில் பலருக்கு மேலே சொன்ன பட்டியல் அப்படியே ஒத்துவராது. யம் சா கடை பன்றிக் கொழுப்பின் மேல் நிற்கும் கடை என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. ஹா காவுக்குள் தெரிவது இறால் மட்டும்தான், ஆனால் சாறு வர வேண்டும் என்று பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது வழக்கம். முள்ளங்கிப் பணியாரமான லோ பாக் கோ பார்க்கச் சைவம், உள்ளே சீனச் சாசேஜும் காய்ந்த இறாலும் இருக்கும். சேப்பங்கிழங்கு வகைக் கிழங்கில் பொரித்த வூ காக் உள்ளேயும் பன்றி இறைச்சி. தாமரை இலையில் கட்டிய ஒட்டும் அரிசிச் சோறான லோ மாய் காய் பெயரில் கோழி இருக்கும், உள்ளே கோழியோடு மற்றவையும் இருக்கும். இனிப்புப் பண்டங்களின் மேலோட்டிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு.

மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு வேலை எளிது. காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்த மாட்டிறைச்சி உருண்டை, மாட்டு வயிற்றுப் பகுதி, மாட்டிறைச்சி சியுங் ஃபன் என்று அவை தனித் தட்டுகளாகவே வரும், தவிர்த்துவிடலாம்.

"ங்கோ சிக் ஜாய்" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். புத்த மடத்துச் சைவம் என்றே அதை எடுத்துக்கொள்வதால் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் கொடுக்கலாம். இதைவிட மேல், சைவக் கடைகளையே ஓர் இனமாக வைத்து, அவற்றை அவற்றோடு மட்டும் ஒப்பிடுவது. ஹாங்காங் பூங்காவில் தேநீர்க் கலங்களின் அருங்காட்சியகத்தை ஒட்டிய லாக் சா தேநீர் இல்லத்தில் சைவ டிம் சம் கிடைக்கும், தேநீர்ப் பட்டியலும் நீளமானது. ஹலால் வேண்டுபவர்களுக்கு வான் சாயில் ஓய் க்வான் சாலையில் உள்ள அம்மார் பள்ளிவாசலின் ஐந்தாம் மாடியில் ஒரு கேன்டீன் இருக்கிறது. அங்கே ஹலால் டிம் சம் கிடைப்பது ஊரில் பலருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தை ஒட்டிப் போனால் இடம் கிடைக்காது.

சைவ அளவுகோலுக்கு என் யோசனை: காளான் வைத்த ஆவிக் கொழுக்கட்டை, காய்கறி சியுங் ஃபன், காய்கறி பாவ், எள் ஒட்டிப் பொரித்த மாவு உருண்டை. தோலும் மாவும் இவற்றிலும் அதே கதையைத்தான் சொல்லும்.

4. நேரத்தை நிலையாக வையுங்கள்

ஒரு கடைக்குச் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கும், இன்னொன்றுக்கு ஞாயிறு மதியம் 1 மணிக்கும் போய்விட்டு இரண்டாவது மோசம் என்று எழுதுவது அநியாயம். வார நாளில் காலை 10 முதல் 11:30 வரை எனக்குப் பிடித்த நேரம். காலைக் கூட்டம் வடிந்திருக்கும், அலுவலகக் கூட்டம் வந்திருக்காது, ஆவி அடுப்பு நல்ல சூட்டில் இருக்கும். மதியம் 2 மணிக்குப் பிறகு பல கடைகள் விலையைக் குறைக்கும். பர்ஸுக்கு நல்லது, ஆனால் தள்ளுவண்டிக் கடையில் அந்த நேரத்துக்குக் கூடைகள் பல சுற்று சுற்றி வந்திருக்கும்.

பிடித்த கடைக்கு இரண்டாம் தடவை ஞாயிற்றுக்கிழமை போங்கள். சமையலறை நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் ஒரு தகவல்தானே. ஒரு நாளைக்கு ஒரு கடை போதும். இரண்டாவது கடையில் நாக்கு சொல்வதை நம்பக் கூடாது.

5. உட்காருங்கள், டீ சொல்லுங்கள், கோப்பையைக் கழுவுங்கள்

பெரிய கூடங்களில் வாசலில் எண் சீட்டு எடுக்க வேண்டும். பழைய கடைகளில் யாரும் அழைத்துப்போக மாட்டார்கள், காலி நாற்காலியைக் கண்டுபிடித்து, "தாப் தோய்?" என்று கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்துகொள்ளலாம். தள்ளுவண்டிக் கடையானால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான் நல்லது, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் கூடை முதல் சூட்டில் கிடைக்கும்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி என்ன தேநீர் என்பதுதான். எதுவும் தோன்றாவிட்டால் "போ லெய்" என்று சொல்லுங்கள். கறுத்த, மண்வாசனையுள்ள, நொதிக்கவைத்த தேயிலை. எண்ணெய்ப் பண்டத்தோடு நன்றாகப் போகும். மல்லிகை வாசனை வேண்டுபவர்களுக்கு ஹியுங் பின். மெல்லியதாக வேண்டுமானால் சாவ் மெய். கொஞ்சம் கசப்பும் வாசமும் பிடித்தால் திட் குன் யாம். போ லெய்யோடு செவ்வந்திப் பூ கலந்தது குக் போ. பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள், கிடைக்காது. ஒப்பிடும் வேலைக்கு எல்லாக் கடையிலும் ஒரே தேநீரைச் சொல்வது அவசியம். நான் போ லெய்யைத்தான் சொல்வேன், ஏனென்றால் மலிவான தேயிலையை அது மறைக்காது. நல்ல போ லெய் அடர்த்தியாக இருந்தாலும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமானது ஈரத்தில் பூத்த சாக்குப் பை வாசம் அடிக்கும்.

பல இடங்களில் இரண்டு கெட்டில் வரும், ஒன்றில் தேநீர், மற்றதில் வெந்நீர். முதலில் ஊற்றும் தேநீரால் கிண்ணம், கோப்பை, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அலசி, அதற்கென்று வைத்திருக்கும் பெரிய கிண்ணத்தில் கொட்டுவது ஊர் வழக்கம். நட்சத்திர ஓட்டல் உணவகங்களில் இதைச் செய்ய வேண்டாம். உங்கள் கோப்பையில் யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், அதுதான் நன்றி. சீனாவின் சியன்லுங் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது தானே தேநீர் ஊற்ற, கூட வந்தவர்கள் விரலை மடக்கி வணங்கியதில் வந்த பழக்கம் என்று கதை சொல்வார்கள். கெட்டில் காலியானால் மூடியைச் சற்றே திறந்து சாய்த்து வையுங்கள். அப்படி வைத்ததிலிருந்து தண்ணீர் வரும்வரை எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கடையின் சேவையை அளக்க இதைவிட நேர்மையான அளவு எனக்குத் தெரியாது.

மேசையில் இரண்டு நிறத்தில் சாப்ஸ்டிக் இருந்தால் ஒன்று பொதுக் கூடையிலிருந்து எடுப்பதற்கு. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்த பிறகு பரவலான பழக்கம் இது.

6. ஆர்டர்

பெரும்பாலான கடைகளில் காகிதப் பட்டியலில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். ஆங்கிலப் பட்டியல் வேண்டுமானால் கேளுங்கள், இருந்தால் கொடுப்பார்கள். இப்போது கியூஆர் குறியீடும் வந்துவிட்டது. தள்ளுவண்டிக் கடையில் மேசைக்கு ஓர் அட்டை. எடுக்கும் ஒவ்வொரு கூடைக்கும் அதில் முத்திரை விழும். சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று விலை வகுப்புகள் உண்டு. "பெரியது" என்றால் பண்டம் பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், விலைதான் பெரியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். ஆவிப் பண்டங்கள் முதலில், பொரித்தது பிறகு. இரண்டு இரண்டாக வந்தால்தான் சூட்டோடு சாப்பிட்டுக் குறிப்பும் எழுத முடியும்.

7. கூடை வந்ததும் என்ன பார்ப்பது

முதலில் ஹா காவ். மூடியைத் திறந்ததும் படம் எடுப்பதானால் ஒரே ஒரு படம், உடனே சாப்பிடுங்கள். கோதுமையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்தால் மிஞ்சும் மாச்சத்தில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, எண்ணெய் தடவிய மழுங்கிய கத்தியால் தட்டி வட்டமாக்கிய தோல் அது. சூட்டில் கண்ணாடிபோல் இருக்கும், ஆறினால் விறைத்துக் கிழியும். தோல் வழியே இறாலின் சிவப்பு தெரிய வேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது கூடைத் தாளில் ஒட்டக் கூடாது, அடிப்பக்கம் கிழிந்து விழக் கூடாது. ஏழுக்குக் குறையாத மடிப்பு இருக்க வேண்டும் என்பார்கள். நான் மடிப்பை எண்ணுவதைவிட மடிப்புகள் சேரும் இடத்தைக் கடித்துப் பார்ப்பேன். அங்கே மாவுக் கட்டி தட்டுப்பட்டால் கை பழகாத வேலை.

உள்ளே இறால் நறுக்கென்று கடிபட வேண்டும். இந்த நறுக்குக்காகத்தான் இறாலை ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசுகிறார்கள். ஆப்ப சோடா போன்ற காரப் பொருளிலும் ஊறவைக்கிறார்கள். அளவோடு செய்தால் இறால் துள்ளும். மிஞ்சினால் ரப்பர்போல் துள்ளும், இறாலின் ருசி மட்டும் இருக்காது. "இறால் நல்ல கிரிஸ்ப்" என்று பலரும் பாராட்டி எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். நறுக்கும் வேண்டும், கடித்த பிறகு இனிப்பான சாறும் வேண்டும். அந்தச் சாறோடு மூங்கில் குருத்து லேசாகத் தட்டுப்பட்டால் சமையல்காரர் பழைய பள்ளி.

சியு மாயில் பார்க்க வேண்டியது வெட்டு. கையால் நறுக்கிய இறைச்சியானால் கடிக்கும்போது சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரியும். எந்திரத்தில் அரைத்துப் பாக்கெட்டில் வந்ததானால் உள்ளே வழவழவென்று ஒரே சீராக இருக்கும். இந்த ஊரில் எல்லாக் கடையும் எல்லாவற்றையும் உள்ளேயே செய்வதில்லை; மையச் சமையலறையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ உறைந்த நிலையில் வாங்கி ஆவி கட்டும் கடைகளும் உண்டு. நாலு கூடையிலும் ஒவ்வொரு சியு மாயும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே உயரம், ஒரே மடிப்பு என்றால் சந்தேகப்படலாம். சந்தேகம் என்றே எழுதுங்கள். உள்ளே போய்ப் பார்க்காமல் "உறைந்த சரக்கு" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். தெருவோரத்தில் குச்சியில் குத்தித் தரும் மஞ்சள் மீன் சியு மாய் முற்றிலும் வேறு பண்டம். அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள், இரண்டும் பாவம்.

சா சியு பாவின் உச்சி தானாக வெடித்துப் பூத்திருக்க வேண்டும். மாவில் சேர்க்கும் ஈஸ்ட், பேக்கிங் பவுடர், அமோனியா உப்பு இவற்றின் வேலை அது. பிட்டதும் மூக்கில் சுள்ளென்று ஒரு நெடி ஏறினால் அந்த உப்பு மிஞ்சிவிட்டது. மாவு பல்லில் ஒட்டக் கூடாது. உள்ளே இறைச்சியில் கொழுப்பும் சதையும் கலந்து இருக்க வேண்டும், குழம்பு வழிந்து ஓடக் கூடாது, வெறும் இனிப்பாகவும் இருக்கக் கூடாது. மேலே மொறுமொறுப்பான இனிப்பு ஓடு வைத்து பேக் செய்த பாவ் டிம் ஹோ வானால் புகழ் பெற்றது. ருசியானதுதான், ஆனால் அளவுகோலுக்கு ஆவியில் வெந்ததையே கேளுங்கள்.

சியுங் ஃபன். இதன் மேல் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. அரிசி மாவுக் கரைசலைத் துணி விரித்த தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, அப்படியே வழித்துச் சுருட்டி, வெட்டி, இனிப்புச் சோயா சாஸ் ஊற்றித் தருவார்கள். நல்லதென்றால் தோல் வழியே உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும், சாப்ஸ்டிக்கில் நழுவும், வாயில் கரையும், ஆனால் குழையாது. சாஸைச் சமையலறையிலேயே ஊற்றி அனுப்பினால் தோல் ஊறிப்போய் வரும். மேசையில் ஊற்றும் கடைக்கு ஒரு புள்ளி கூடுதல். எண்ணெய்யில் பொரித்த மாவுக் குச்சியை உள்ளே வைத்துச் சுருட்டிய ஜா லியுங் இருந்தால் அதையும் ஒரு தடவை கேளுங்கள். மேலே வழுக்கல், உள்ளே மொறுமொறுப்பு. குச்சி நமத்திருந்தால் காலையில் பொரித்தது.

மற்றவை சுருக்கமாக. கோழிக்கால் தோல் சுருங்கிப் புலித்தோல்போல் உப்பியிருக்க வேண்டும், பொரித்து, ஊறவைத்து, புளிக்கவைத்த கருப்பு சோயாவோடு ஆவி கட்டினால்தான் அப்படி வரும். லோ பாக் கோவில் முள்ளங்கி நார் கண்ணில் படாவிட்டால் நீங்கள் காசு கொடுத்தது அரிசிமாவுக்கு. மா லாய் கோ என்ற ஆவி கேக்கைப் பிட்டால் கண் கண்ணாகத் துளை தெரிய வேண்டும். உப்பு முட்டை மஞ்சள் வழியும் லாவ் சா பாவை வந்ததும் கடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கொதிக்கும் வெண்ணெய். முதலில் ஓரத்தில் பிட்டு ஆவியை விடுங்கள்.

8. பில்

"ம் கோய், மாய் தான்" என்றால் பில் வரும். கூடைகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் இருக்கும், பெரும்பாலும் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும். உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கும் வேர்க்கடலை, ஊறுகாய்த் தட்டுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் வைக்கும்போதே "ம் யிவ்" என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதை ஏமாற்று என்று புதியவர்கள் கோபமாக எழுதுகிறார்கள். ஏமாற்று இல்லை, ஊர் வழக்கம். தொகை எவ்வளவு என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும். கூடை விலையை மட்டும் எழுதாமல், எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு எழுதாதீர்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

9. எழுதும்போது

"ஹா காவ் சூப்பர், சர்வீஸ் மோசம்" என்பதால் யாருக்கும் பலனில்லை. "வியாழன் காலை 10:40. தோல் மெல்லிசு, நான்கில் ஒன்று கிழிந்தது. இறால் துள்ளியது, ருசி இல்லை. சியுங் ஃபன் நான் இந்தப் பகுதியில் சாப்பிட்டதில் முதலிடம். கெட்டில் மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கழித்தே வெந்நீர் வந்தது." இப்படி எழுதினால், படிப்பவர் சியுங் ஃபன்னுக்காகப் போகலாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

பரிமாறுபவர்கள் சிரிக்கவில்லை, சத்தமாகப் பேசினார்கள் என்று எழுதுவதற்கு முன் சற்று நிதானியுங்கள். கான்டனீஸ் பேச்சே அந்தச் சுருதியில்தான் இருக்கும். கேட்டது வந்ததா, தண்ணீர் வந்ததா, காலிக் கூடை அகன்றதா, பில் சரியாக இருந்ததா என்ற நான்கையும் பாருங்கள். அவை சரியென்றால் சேவை சரி. பகிர்ந்த மேசையில் எதிரே இருப்பவரின் முகம் உங்கள் படத்தில் வரக் கூடாது.

நம்மவர்களுக்குத் தேவையான சில விவரங்கள் மற்றவர்கள் எழுதும் குறிப்புகளில் இருப்பதில்லை. லிஃப்ட் உண்டா, ஊரிலிருந்து வந்த அம்மா ஏற முடியுமா, ஆங்கிலப் பட்டியல் உண்டா, எந்தெந்தத் தட்டில் பன்றி இல்லை என்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்களா, குழந்தை நாற்காலி உண்டா, கழிப்பறை எப்படி. இவற்றை எழுதுங்கள். உள்ளூர்க்காரர்களின் கருத்தைப் பார்க்க ஓப்பன்ரைஸ் தளம் உதவும். அங்கே புன்னகை முகமும் அழுமுகமும் கொடுப்பார்கள். மொழிபெயர்ப்பில் படித்தாலும், ஒரே தட்டைப் பலர் திட்டியிருந்தால் விஷயம் இருக்கிறது என்று பொருள். ஆனால் நீங்கள் சாப்பிட்டு எழுதிய பிறகு பாருங்கள், முன்னால் பார்த்தால் உங்கள் நாக்கு அவர்கள் சொன்னதையே சொல்லும்.

மொத்த மதிப்பெண் தேவையா? நான் போடுவதில்லை. அதற்குப் பதில் யாரோடு, எந்த நேரத்தில் போகலாம் என்று ஒரு வரி எழுதுவேன். தனியாக, வார நாள் காலை. பெற்றோரோடு, காலை 11க்கு முன். வெளியூர் நண்பர்களோடு, தள்ளுவண்டி பார்க்க. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பலர் கிளம்புகிறார்கள்.

10. எப்போது திரும்பப் போவது

சமையல்காரர் மாறினால் கடை மாறிவிடும், பலகை மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே மதிப்புரையில் தேதி கட்டாயம். ஒரு வருடம் தாண்டிய குறிப்பைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பழையது என்று மேலே எழுதிவையுங்கள்.

சீனப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் இந்த வேலைக்குக் கிளம்பாதீர்கள். பல கடைகள் அந்த நாட்களில் சிறியது, பெரியது என்ற வகுப்பையே எடுத்துவிட்டு எல்லாக் கூடைக்கும் ஒரே உயர்ந்த விலை வைக்கும், தேநீர்க் கட்டணமும் ஏறும், சில தட்டுகள் பட்டியலிலேயே இருக்காது. சாப்பிடப் போங்கள், பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்து வாழ்த்துச் சொல்லுங்கள், குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.